மண்ணீரலுக்கு வசனம் இல்லை

சீட்டுக் குலுக்கியதில்
எனக்கு வந்தது மண்ணீரல்.
பிரித்துப் படித்ததும் வகுப்பே சிரித்தது,
பெயரிலேயே மண் இருக்கிறதே என்று.

ஜெபசிங்குக்கு விழுந்தது சிறுகுடல்தான்.
குரல் பெரிசு என்பதால்
இதயமாக மாறிக்கொண்டான்.
நுரையீரல்கள் இரண்டு பேரும்
பலூன் ஊதி ஊதி
ஒத்திகையிலேயே மயங்கிச் சரிந்தார்கள்.
பர்வீன் கொசு. மூக்கில் இளநீர் ஸ்ட்ரா.

மூன்றாவது மாடி, எட்டாம் வகுப்பு.
தொண்ணூறடி ரோட்டு இரைச்சல் ஜன்னல் வழியே ஏறிவந்து
எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.
உடல்நலப் பாடத்தை நாடகமாகப் போட வேண்டும்,
பத்து மதிப்பெண்.

எழுதியவள் சுடலி.
கல்லீரலுக்கு நாலு பக்கம்
(கல்லீரல் அவள்தான்).
எனக்கு,
'இரைப்பைக்குப் பின்னால் நிற்கவும்.'
"மண்ணீரல் என்னத்தடி பேசும்?" என்றாள்.
எனக்கும் தெரியவில்லை.

புத்தகத்தில் ஒன்றரை வரி இருந்தது.
நூற்றிருபது நாள் ஓடிக் களைத்த சிவப்பணுவை
வாங்கிப் பிரித்து
இரும்பை எடுத்துத் திருப்பி அனுப்புமாம்.
இரண்டு முறை படித்தேன்.
பதிமூன்றாம் காம்பவுண்டில்
காயல் எரிந்த மின்விசிறிகளைக் கவிழ்த்துப் போட்டு
செம்பை உருவும் அப்பாவுக்கும்
வசனம் ஏதும் கிடையாது.
அவர் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டால்
நான் இதுவரை
ஸ்டேஷன் பக்கம் என்றே சொல்லியிருக்கிறேன்.

ஜூலையில் தம்பிக்குக் காய்ச்சல்.
ஒரு நாள் விட்டு ஒரு நாள்
பல் கிட்டிக்கும் குளிர்.
சயான் ஆஸ்பத்திரி வராந்தாவில்
தார்ப்பாய் வழி சொட்டும் மழைக்கு அடியில்
நாலு மணி நேர வரிசை.
டாக்டர் பையன்
இசக்கியின் இடது விலாவுக்குக் கீழே விரல்களை நுழைத்து
மூச்சை இழு என்றான் மராத்தியில்.
பிறகு நர்ஸிடம் ஏதோ சொன்னான்,
அதில் ப்ளீஹா என்று ஒரு சொல்.
அம்மாவுக்கு முகம் வெளுத்தது.
"கட்டியாடி? கட்டியாமா?"

இல்லம்மா, அது நான்தான், என்றேன்.

அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள்.

மாத்திரை. மழை. மாத்திரை.
பதினேழாம் நாள் அவன் தோசை கேட்டான்.

நாடகத்தன்று
அப்பா கொண்டுவந்த சாக்கைக்
கத்திரிப்பூ நிறத்தில் முக்கி உடுத்தியிருந்தேன்.
சாயம் கழுத்தில் வழிந்தது.
ஜெபசிங் லப்டப் லப்டப் என்று
முன்வரிசைக் குழந்தையை அழவைத்தான்.
கல்லீரல் மூன்றாம் பக்கத்தில் திணறினாள்.
பர்வீன் ரீங்காரமிட்டு வந்து குத்தினாள்.
அடுத்து சுடலியின் எழுத்துப்படி
எல்லோரும் விழ வேண்டும்.
விழுந்தார்கள்.

நான் விழவில்லை.
பின்னால் ஒளித்துவைத்த பையை எடுத்து
சாக்குக்குள் திணித்தேன்.
பிறகு டிபன் பாக்ஸ்.
பிறகு நுரையீரலின் பலூன், அது வெடித்தது,
இன்னொன்று.
வீங்கிக்கொண்டே போனேன்.
கீழே கிடந்த இரைப்பையை இடுப்பால் தள்ளினேன்.
"ஏய், இது இல்லடி!" என்றாள் கல்லீரல்
செத்துக்கிடந்தபடி.

அரங்கம் முழுக்கச் சிரிப்பு.
ஏழு மதிப்பெண்தான் கிடைத்தது,
எழுத்துப்படி நடிக்காததற்கு மூன்று போய்விட்டது.
சுடலி ஒரு வாரம் பேசவில்லை.

ஆனால் மேடையிலிருந்து பார்த்தேன்,
நாலாவது வரிசை.
அப்பா கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு
வாய் திறந்து என்னைப் பார்க்கிறார்.
அம்மா சிரிக்கவில்லை.
அவள் உள்ளங்கை மெல்ல நகர்ந்து
விலாவுக்குக் கீழே போய் நின்றது,
வலப்பக்கம்.
இசக்கி அந்தக் கையை எடுத்து
இடப்பக்கம் வைத்தான்.